அக்கா தனியே இருந்த நாள்

அந்தப் படத்தை அச்சடித்தது நான்தான். மொன்றியலின் புறநகர் புவாண்ட்-கிளேரில் நான் வேலை பார்த்த களஞ்சியத்தின் அலுவலக அறையில், சாதாரணக் கடதாசியில். இயந்திரத்தில் நீல மை முடிகிற நேரம், அதனால் சால்ஸ்பர்க் நகரத்து வானம் கோடு கோடாக வெளிறி வந்தது. தூரத்துக் குன்றின்மேல் கோட்டை, முன்னால் அரண்மனைத் தோட்டம், தோட்டத்தின் கற்படியில் அக்கா. சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஒரு கையில் கடித்த பாண். மடியில் ஏதோ வெள்ளையாக. படம் பிடித்தவர் எட்ட நின்றிருக்கிறார். அக்கா அவரைக் கவனிக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பின் ஐந்தாறு வருடம் கழிந்திருக்கும். அக்கா மொன்றியலில் ஓர்கன் படித்துக்கொண்டிருந்தாள், தேவாலயங்களில் நீண்ட குழாய்களோடு நிற்குமே, அந்த வாத்தியம். காலையில் கார்தெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், பிள்ளை பார்ப்பாள், பின்னேரம் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குக் கோயிலின் தமிழ்ப் பூசைக்கு வாசிப்பாள். இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அக்காவின் அறையில் மாமியும் படுத்தார். பயிற்சி செய்யக் கோயிலுக்குப் போனால், கூடவே அம்மாவும் பூச்சாடிகளோடு போய்விடுவார். குளியலறையில் பத்து நிமிடம் பிந்தினால் யாராவது கதவைத் தட்டுவோம். பெரும்பாலும் நான்தான். இதெல்லாம் எங்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை.

அந்தக் கோடையில் ஒஸ்ரியாவில் இரண்டு வாரப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. அது முடிகிற நேரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, ஆங்கில எழுத்தில் தமிழ். சனிக்கிழமை முழுக்க ஓய்வாம். காலையில் சின்ன ரயிலில் கோட்டைக்கு ஏறுவாளாம். மதியம் பேராலயத்தில் ஓர்கன் கேட்பாளாம், அங்கே ஒன்றல்ல, தூணுக்குத் தூண் ஓர்கன் இருக்கிறதாம். மூன்று மணிக்குப் பிறகு அரண்மனைத் தோட்டத்தில் சும்மா இருப்பாளாம். "அம்மாவுக்குச் சொல்லாதை, தனியத் திரியிறன் எண்டால் பயப்பிடுவா. வந்து எல்லாம் சொல்லுறன்" என்று முடித்திருந்தாள்.

நான் அம்மாவுக்குச் சொன்னேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது, இப்போது யோசித்தால் அது காரணமே இல்லை. மியூனிக்கில் இருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அது தெரியாது. மாப்பிள்ளையின் சின்னம்மாவும் அம்மாவும் ஊரில் ஒரே பங்கு. பெண்ணுக்குத் தெரியாமல் எட்ட நின்று பார்ப்பது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம், பூசை முடிந்து வரும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. பிடிக்காவிட்டால் பிள்ளையின் மனம் நோகாது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். அப்பாவும் அம்மாவை அப்படித்தான் பார்த்தாராம். மியூனிக்கில் இருந்து சால்ஸ்பர்க் ரயிலில் இரண்டு மணி நேரம். "பிள்ளை அங்க எங்க நிப்பாள் எண்டு உனக்குத்தானே தெரியும்" என்று அம்மா கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. கடதாசியில் நேரம் போட்டு எழுதியே கொடுத்தேன். மூன்று மணித் தோட்டம் மட்டுமே போதுமாக இருந்திருக்கும், நான் கோட்டையையும் பேராலயத்தையும் சேர்த்து எழுதினேன்.

படம் அக்காவுக்கு முந்தி வந்துவிட்டது. அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டதாம். அம்மாவுக்கு நிலத்தில் கால் படவில்லை. நான் அச்சடித்துக் கொண்டுவந்ததைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

விமான நிலையத்தில் இருந்து வந்த அக்கா தண்ணீர் குடிக்கத்தான் குசினிக்குப் போனாள். போத்தலை எடுக்கவில்லை. அம்மா பின்னால் நின்று மாப்பிள்ளையின் படிப்பையும் வேலையையும் ஒப்புவித்தார். அக்கா படத்தைவிட்டுக் கண் எடுக்காமல் கேட்டாள், "அப்ப காலமையும் பின்னால வந்தவையோ?" ஓம், கோட்டையில் இருந்தே நின்றார்களாம் என்று அம்மா பெருமையாகச் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீயோ குடுத்தனி?"

"ஓம்" என்றேன்.

"அந்த ஒரு நாள்தான் என்ரை சீவியத்திலை நான் தனிய இருந்தனான் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான்."

குரல் உயரவில்லை. அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பியிருப்பேன். சம்பந்தம் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அம்மா ஒரு மாதம் அழுதார். அந்தப் பெடியன் பாவம், நல்லவன் என்றுதான் கேள்வி, வேறெங்கோ கட்டி நன்றாக இருக்கிறான். கோட்டையில் என்ன பார்த்தாள், பேராலயத்து ஓர்கன்கள் எப்படிக் கேட்டன என்று அக்கா எனக்குச் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

அக்கா இப்போது லொங்குய்யில் தனியாக இருக்கிறாள், அங்கே ஒரு தேவாலயத்தில் வாசிக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை எங்காவது போவாள். எங்கே என்று யாருக்கும் சொல்வதில்லை. அவள் திரும்பி வந்த பிறகு எனக்கு ஒரு தபாலட்டை வரும். படத்தில் வேறொரு நாட்டு நகரம் இருக்கும், முத்திரை கனடாவினுடையதாக இருக்கும். வீட்டுக்கு வந்துதான் தபாலில் போடுகிறாள். என் விலாசத்தைத் தவிர அதில் ஒரு சொல்லும் இருக்காது.

அம்மா ரொக்ஸ்பரோவில் என்னோடு வந்து இருக்கத் தொடங்கியபோது அவருடைய வேதாகமத்துக்குள் இருந்து அந்தப் படம் விழுந்தது. அம்மா அதை எறியவில்லை. நாலாய் மடித்து வைத்திருந்தார். யன்னலடியில் பிடித்துப் பார்த்தேன். அக்காவின் மடியில் வெள்ளையாகத் தெரிவது ஒரு தபாலட்டை. பாண் இல்லாத கையில் பேனை. பாதிக்கு மேல் எழுதியிருக்கிறாள். எழுதுவதை நிறுத்திவிட்டு, பார்ப்பவர் யாருமில்லை என்ற நிம்மதியில் தனக்குத்தானே சிரிக்கிறாள். அப்படி அவள் சிரித்து நான் நேரில் பார்த்ததில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு வந்தவளிடம் படத்தைக் காட்டினேன். "ஆருக்கக்கா எழுதினனீங்கள்?"

தேத்தண்ணியை ஆற்றியபடி எட்டிப் பார்த்தாள்.

"உனக்குத்தான். முத்திரை வாங்க நேரம் இல்லை, கையோட கொண்டுவந்தனான். அண்டைக்குக் குசினிக்குள்ள வரேக்கையும் பையுக்குள்ளதான் இருந்தது."