பதினான்காம் கிணறும் நாற்பத்தேழு பைப்பும்

என் முதுகலை ஆய்வேட்டின் நான்காம் அதிகாரத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. முப்பத்தெட்டு வரி. அதில் பதினான்காம் வரிக்காக என் பெரியப்பா மகனின் முன்பற்கள் இரண்டை உடைத்தேன். வருத்தமா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை. பதினைந்தாம் வரியைப் பிறகு சொல்கிறேன்.

நான் படித்தது புவியியல், சேலத்தில், விடுதியில் தங்கி. கடைசிப் பருவத்தில் எல்லோரும் ஆய்வு செய்து ஏடு கட்டிக் கொடுக்க வேண்டும். என்கூடப் படித்தவர்கள் புத்திசாலிகள். செயற்கைக்கோள் படத்தை இறக்கி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே மூன்று மாவட்டங்களை அளந்து முடித்துவிட்டார்கள். எனக்குத்தான் திமிர். எங்கள் ஊர்க் கிணறுகளையும் ஆழ்துளைப் போர்களையும் ஒவ்வொன்றாக அளக்கப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். தாளைப் பார்த்துவிட்டு, "உங்க பக்கம் போர் ஆழத்தச் சொல்லுவாங்களாம்மா?" என்று கேட்டார்.

"எங்க ஊருங்க சார். எனக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப்போறாங்க" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

எங்கள் ஊரில் மனிதர்கள் எதையும் சொல்வார்கள். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, மகனுக்கு எத்தனை இடத்தில் பெண் தட்டிப்போனது, எல்லாம் பஸ் ஸ்டாப்பிலேயே சொல்லிவிடுவார்கள். போர் எத்தனை அடி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். எழுநூறு என்று சொன்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரன் எண்ணூறுக்குப் போய்விடுவான், நம் தண்ணீர் அவன் குழாயில் ஏறிவிடும். அதனால் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்றதுமே, ஆட்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஆழத்தை வெளியே சொல்லாமலிருக்கக் கேட்டுக்கொள்வார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்கும். கேட்டால், "எங்கீங்க, பொகையாத்தான் போச்சு" என்பார்கள். வெறும் புழுதிதான் வந்தது என்று அர்த்தம்.

என் கருவிகள் மூன்று. ஒவ்வொரு மீட்டருக்கும் சிவப்பு நூல் கட்டிய நைலான் கயிறு, அதன் முனையில் ஒரு கிலோ இரும்பு எடைக்கல், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் பேனா அளவு டிடிஎஸ் மீட்டர். இவற்றைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தேன். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். கெண்டைக்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. இன்னொருவர், கிணற்றில் கயிறு விட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும் என்று சொல்லி, அரிவாளால் என் கயிற்றை வெட்டினார். அரிவாள் என் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி இறங்கியது. நானும் சும்மா வரவில்லை. அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு, மீதிக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போனேன்.

கிணற்றை நானே அளந்தேன். மூடியிருக்கும் போரை அளக்க முடியாது. அதற்கு 'உரிமையாளர் சொன்ன ஆழம்' என்று ஒரு பத்தி போட்டு, எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வைத்தேன். நம்ப முடியாதது என்று அடிக்குறிப்பு. பதினைந்தாம் வரிக்கு மட்டும் நட்சத்திரம் இல்லை. அறுநூறு அடி.

"இதுக்கு மட்டும் ஏம்மா இல்ல?" என்று பேராசிரியர் கேட்டார்.

"அது எங்கப்பா சொன்னதுங்க சார்."

'புதுசா ஒண்ணும் வரலையே' என்று மட்டும் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அது என்னை அறுத்துக்கொண்டே இருந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். இருவருக்கும் பொதுவாக இருந்த கிணறு வற்றியபோது, மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். போர் போட்டாலும் அறுநூறு அடிக்குக் கீழே இருவரும் போவதில்லை. ஒருவர் கீழே போனால் இன்னொருவருக்குச் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அப்பாவின் போரில் தண்ணீர் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பெரியப்பா போட்டது பொகையாகப் போனது. அன்றைக்கு அப்பா தன் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் பெரியப்பாவுக்குத் தனியாக இருந்த பழைய கிணற்றில் திடீரென்று ஊற்றுத் திறந்துகொண்டது. அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று ஊரே பேசியது. அதுதான் என் பதினான்காம் எண்.

பெரியப்பா வீட்டில் யாரும் இல்லாத ஒரு காலை நேரத்தில் அந்தக் கிணற்றில் இறங்கினேன். மீட்டரை நனைத்தால், திறந்த கிணற்றில் வரும் எண்ணே இல்லை. ஆழ்துளைத் தண்ணீரின் உப்பு. கையை விட்டேன், வெதுவெதுப்பு. எடைக்கல்லை உள்ளே விட்டு ஆட்டியதும் எதிலோ சிக்கியது. இழுத்தேன். கறுப்பு ஓஸ் குழாய் ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து வாயைத் தூக்கி என் முகத்திலேயே பீய்ச்சியது. அறுநூறில் பொகையாகப் போன போர், சத்தியத்தை மீறி இன்னும் கீழே இறங்கி, மண்ணுக்கடியில் பதித்த குழாய் வழியாக, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கோபமே வரவில்லை. புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது. ஈரத் துணியோடு, கயிறும் கையுமாக வீட்டுக்கு ஓடினேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு, ஓஸ் எத்தனை அங்குலம் என்பதுவரை. அடிப் பாவி, யாரிடம் சொல்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா.

அப்பா தட்டிலேயே கையைக் கழுவினார். மாட்டுக் கட்டுத்தறி மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நான் பின்னால் ஓடிச் சேர்வதற்குள், கிணற்று மேட்டில் குழாய் போன தடத்தைக் குத்திப் பிளந்துகொண்டிருந்தார். தண்ணீர் ஆளுயரத்துக்கு எழுந்தது. சந்தையிலிருந்து திரும்பிய பெரியப்பாவும் அவர் மகனும் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்தார்கள்.

"கற்பூரத்த அணச்சுட்டு, அண்ணனாடா நீ?" என்றார் அப்பா.

பெரியப்பா வரப்பில் கிடந்த மம்மட்டியை எடுத்து, பின்பக்கத்தால் அப்பாவின் மண்டையில் போட்டார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அப்பா விழவில்லை. ரத்தம் கண்ணை மறைக்க, தடவிக்கொண்டே போய்ப் பெரியப்பாவின் கழுத்தைப் பிடித்தார். இருவரும் சேற்றில் புரண்டார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், ஒருவர் வாயில் ஒருவர் மண்ணைத் திணித்தார்கள். பெரியப்பா மகன், என் அண்ணன், வந்து அப்பாவின் விலாவில் உதைத்தான். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்குக் காலைத் தூக்கியபோது என் கையில் கயிறு இருந்தது, கயிற்றின் முனையில் ஒரு கிலோ இரும்பு இருந்தது. சுழற்றி விட்டேன்.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தமும் பல்லும் வந்தன. சின்ன வயதில் பள்ளிக்கு என் பையைத் தூக்கி வந்தவன். இன்னொரு முறை சுழற்றத்தான் கையை ஓங்கினேன். அம்மா வந்து என் முடியைப் பிடித்து இழுத்திராவிட்டால் கொன்றிருப்பேன்.

அப்பாவுக்கு மண்டையில் பதினேழு தையல், விலா எலும்பில் விரிசல். ஸ்டேஷனில் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தோம். வழக்குப் பதிவதற்கு முன்னால் ஊருக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பெரியப்பா வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஆய்வேட்டிலிருந்து பதினான்காம் எண்ணை எடுத்துவிட்டால் பல் உடைத்த புகாரை விட்டுவிடுவார்களாம். இல்லையென்றால் என் பெயரில் வழக்கு. வழக்கு விழுந்தால் நான் எழுதக் காத்திருந்த அரசு வேலைத் தேர்வெல்லாம் போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அப்பா, "எடுக்காத சாமி. அதுக்குத்தான் நான் மண்டைய ஒடச்சுக்கிட்டுக் கெடக்கறேன்" என்றார். நான் எடுப்பேனா? தலைகீழாக நின்றாலும் எடுக்க மாட்டேன் என்று இருந்தேன்.

அந்த வாரம் எங்கள் போர் மோட்டார் எரிந்துபோனது. குச்சிக்கிழங்குச் செடி வாடிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் சொன்னால் பதறுவார் என்று, நானே மோட்டார் தூக்கும் வண்டியைக் கூப்பிட்டேன். சங்கிலி போட்டு ஒவ்வொரு பைப்பாக மேலே எடுத்துக் கழற்றி அடுக்கினார்கள். ஒரு பைப் இருபது அடி. பழக்க தோஷம், எண்ண ஆரம்பித்தேன். அறுநூறு அடிப் போரில் முப்பதுக்கு மேல் வரக் கூடாது. முப்பது வந்தது. முப்பத்தொன்று வந்தது. நாற்பது வந்தபோது அடுக்கை முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணினேன். நாற்பத்தேழாவது பைப்போடு மோட்டார் வந்தது. தொள்ளாயிரத்து நாற்பது அடி.

"இது வேற போருங்களா?" என்று முட்டாள் மாதிரி கேட்டேன்.

வண்டிக்காரர் சிரித்தார். "ஏஞ்சாமி, நாந்தான எறக்குனேன். அப்ப நீங்க ஆஸ்டல்ல இருந்தீங்க. உங்க பெரியப்பன் போடறதுக்கு முந்தின வருசமுங்க."

முந்தின வருடம். கற்பூரத்தை முதலில் மிதித்தது அப்பா. அப்புறம்தான் தன் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். பைப் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பைப்பையே எடுத்து யாரையாவது அடித்திருப்பேன். யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை. அண்ணனின் பல் ஞாபகம் வந்தது.

பிற்பகல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பாவுக்குத் ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். "ஏம்ப்பா, நம்ம போர் எத்தன அடி?"

அவர் பக்கத்துக் கட்டில்காரரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "அறுநூறு. எத்தன தடவதான் கேப்ப?"

தையல் போட்ட தலையோடு, பெற்ற மகளிடம்.

பஞ்சாயத்து, கோயில் மண்டபத்தில் நடந்தது. அப்பா துண்டால் காயத்தை மறைத்துக்கொண்டு ஒரு தூணோரம், எதிர்த் தூணோரம் பெரியப்பா. அண்ணன் உதடு வீங்கியிருந்தது. "எடுத்தர்றேன்னு ஒரு வார்த்த சொல்லு, முடிஞ்சுது" என்றான். பல் இல்லாததால் சொல் காற்றாக வந்தது.

நான் அட்டவணையை விரித்து எழுந்து நின்றேன். பதினான்காம் வரியைச் சத்தமாகப் படித்தேன். உப்பு, சூடு, தண்ணீருக்குள் குழாய். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பதினான்கை வைத்துக்கொண்டு பதினைந்தில் பொய்யை விட்டுவைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

"பதினஞ்சு. உரிமையாளர் சொன்னது அறுநூறு அடி. எண்ணிப் பாத்தது தொள்ளாயிரத்து நாப்பது. பெரியப்பா போர் போடறதுக்கு முந்தின வருசம்."

பெரியப்பா சிரித்தார். தொடையில் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கேசும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எந்தம்பி எனக்கு முந்தியே எறங்கிட்டான். வாடா போலாம்" என்று மகன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அப்பா என்னிடம் வந்தார். மம்மட்டி அடியையே வாங்கிக்கொண்டு நின்றவர், அன்றைக்குத் தள்ளாடி நடந்தார். அத்தனை பேர் முன்னால் என் இடது கன்னத்தில் அறைந்தார். காது கூவியது. மறுபடியும் கையை ஓங்கியவர், பாதியில் நிறுத்தினார்.

"எண்ணுனியா?"

"எண்ணுனேன்."

"முழுசுமா?"

"நாப்பத்தேழு பைப்பு."

கையை இறக்கிக்கொண்டு, துண்டை எடுத்து முகத்தை மூடியபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே ஏட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு சேலம் போனேன். பேராசிரியர் பக்கங்களைப் புரட்டி, பதினைந்தாம் வரியில் நிறுத்தினார். அறுநூறுக்குப் பக்கத்தில் இப்போது நட்சத்திரம் இருந்தது. என்ன இது என்று கேட்கத் தலையைத் தூக்கியவர், என் கன்னத்தில் பதிந்திருந்த விரல் தடத்தைப் பார்த்தார். குனிந்து கையெழுத்துப் போட்டார்.