பதினோரு வருடப் புதுசு

அலுவலகத்தில் அவருக்கு ‘பிளாஸ்டிக்’ என்று பெயர். குடிநீர் வாரியத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கால்குலேட்டர் உறைக்குள் இருந்தபடிதான் கணக்குப் போட்டது. நாற்காலியைச் சுற்றி வந்த பாலிதீனை அவர் கடைசிவரை உரிக்கவில்லை. கோடையில் எழுந்திருக்கும்போது சத்தம் கேட்கும். வீட்டில், விருந்தாளிகளுக்கென்று வாங்கிய பீங்கான் தட்டுகள் விருந்தாளி வந்தாலும் வெளியே வராது. வந்தவர்கள் அந்த அளவுக்குப் பெரிய மனிதர்கள் இல்லை. இதைச் சிக்கனம் என்று சிலர் மெச்சினார்கள். சிக்கனக்காரன் ஒரு பொருளைக் கடைசிவரை பயன்படுத்துவான். இவர் தொடங்கவே மாட்டார்.

மலை ஷூக்களை அவரும் மனைவியும் பதினோரு வருடத்துக்கு முன் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கினார்கள். நான்கு நாள் நடை, நடுவில் ஒரு பனிக் கணவாய், அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி. ஏரியின் படத்தைப் பழைய காலண்டரிலிருந்து கிழித்து, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார் மனைவி. முதல் முறை ஆடிட் வந்தது, பயணம் நின்றது. இரண்டாம் முறை அவருக்கு முழங்கால் வலி. பயணம் ரத்தான மறுநாள் வலியும் ரத்தானது. இரண்டு முறையும் மனைவியும் போகாமல் சேர்ந்தே நின்றார். இந்த மூன்றாம் தடவையும் பயணம் நின்றால் படத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று தங்கையிடம் சொல்லியிருந்தார்.

மனைவிக்குத் தபால் பிரிக்கும் வேலை. தன் ஷூவை மழை நாளெல்லாம் போட்டுக்கொண்டுதான் அங்கே நடந்து போனார். “மலைக்கு வாங்கினதை யாராவது தெருவுல போடுவாங்களா?” என்று கணவர் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். அடிப்பாகம் தேய்ந்து போனது. போன வருடம் செருப்புத் தைப்பவர் புது அடி வைத்துத் தைத்துக் கொடுத்தார். கணவரின் ஷூ பெட்டிக்குள், மெல்லிய தாளுக்குள், வாங்கிய நாள் மாதிரியே இருந்தது.

பயணத்தின் முதல் நாள் காலை, பஸ் நின்ற கடைசி இடத்தில் வழிகாட்டிப் பெண் ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்தாள். கணவன் மனைவி இவர்கள் இருவர், ஒரு பல் டாக்டர், இரண்டு ஆசிரியைகள்.

“எல்லாருக்கும் ஷூ நடந்து பழகினதுதானே?”

மனைவி வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “பதினோரு வருஷமா வச்சிருக்கேம்மா.”

அது பொய்யில்லை. அலுவலகத்தில் ஆயிரம் மனுக்களுக்கு எழுதிப் பழகிய பதில்.

காட்டுப் பாதையில் சேறு தேங்கிய இடமெல்லாம் அவர் விலகி, புதரைச் சுற்றிக்கொண்டு வந்தார். “சார், தண்ணியில இறங்கத்தான் அந்த ஷூவே,” என்றாள் வழிகாட்டி. அவர் கேட்கவில்லை. பத்து மணிக்கு இடது ஷூவின் குதிகால் பக்கம் நாய் வாய் மாதிரி திறந்து மூடியது. பத்தரைக்கு அடிப்பாகம் முழுசாகக் கழன்று பாதையில் கிடந்தது. வலது கால் அதிக நேரம் காத்திருக்கவில்லை.

“பல்லா இருந்தா இங்கயே ஒட்டிக் குடுத்துருவேன் சார்,” என்றார் பல் டாக்டர்.

வழிகாட்டி அதைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். கறுப்பு ரவை மாதிரி உதிர்ந்தது.

“சும்மாவே வச்சிருந்தா உள்ள இருக்கிற நுரை தானா நொறுங்கிடும் சார். முன்னாடியே போட்டு நடந்திருந்தா வீட்டு வாசல்லயே தெரிஞ்சிருக்கும்.”

“அதெப்படி? ஒரு கீறல் இருக்கா பாரும்மா!”

“மேல இல்லதான்.”

இரண்டு ஷூவையும் டேப்பால் சுற்றிக் கட்டினாள். அடிபட்ட கோழி மாதிரி நடந்து மதியம் கல் குடிலுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து கீழே போக ரோப் கார் உண்டு. அதைத் தாண்டினால் கணவாய் கடந்துதான் இறங்க முடியும்.

“டேப்போட பனியில ஏத்த மாட்டேன் சார். நீங்க இறங்கிடுங்க.”

அவர் வாதாடவே இல்லை. முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. மனைவியிடம் திரும்பினார். “சரி, பையை எடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். மலை எங்க ஓடிடப் போகுது?”

மனைவி ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, குனிந்து ஷூ நாடாவை இறுக்கினார்.

“வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

“இருக்கு.”

“அப்ப பாத்துப் போங்க. நான் ஏரியைப் பாத்துட்டு வரேன்.”

“தனியாவா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“நாலு பேரும் இங்கதான் இருக்காங்க. கேட்டுக்குங்க.”

அவர் பார்த்தார். ஆசிரியைகள் வானத்தை ஆராய்ந்தார்கள். பல் டாக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினார்.

“என் சாப்பாடு?” என்றார் கடைசியாக. முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அந்த நேரத்துக்கு அவரிடம் எஞ்சியிருந்த வாதம் அது ஒன்றுதான்.

“சமைச்சுக்குங்க. பழைய தட்டெல்லாம் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். பீங்கான்லதான் சாப்பிடணும்.”

வழிகாட்டிக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக அவர் மனைவி சரளைச் சரிவில் ஏறினார். வேகமாக ஏறவில்லை, அழகாக ஏறினார் என்றும் சொல்ல முடியாது. நிற்காமல் ஏறினார். அது போதும்.

கீழே போகும் ரோப் காரில், டேப்பைப் பிரித்து, கழன்ற இரண்டு அடிகளையும் அவர் ஒரு பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். கதவைச் சாத்த வந்த ஊழியரிடம் பையைத் தூக்கிக் காட்டினார்.

“ஒரு நாள்கூடப் போட்டதில்ல தம்பி. கடைக்காரனை விடப் போறதில்ல. பெட்டி வீட்டுல பத்திரமா இருக்கு.”