ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

இந்த நாட்டில் பிறந்தநாள் காலண்டரைக் கழிப்பறையில்தான் மாட்டுகிறார்கள். யாரோ ஒரு கிறுக்கர் வீட்டில் மட்டும் இல்லை. நான் போய்வந்த எல்லா வீட்டிலும் அதுதான். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு அன்னெக்க காபிக்குக் கூப்பிட்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர், வயதுக்கு மரியாதை கொடுத்து விளித்தால் கோபித்துக்கொள்பவர். அவர் வீட்டுக் கழிப்பறையில் உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே காலண்டர். தேதிக்குத் தேதி மகன், மருமகள், அண்ணன் பிள்ளைகள், தபால்காரர் என்று பெயர்கள். அம்மாவின் பெயரும் இருந்தது. அவர் அம்மா இறந்துபோனது எனக்குத் தெரியும். எங்கள் தாம்பரம் பக்கத்து வீடுகளில் காலண்டர் என்றால் ஒன்று சாமி படம் போட்டது, இல்லையென்றால் வேத வசனம் போட்டது. அதைக் கொண்டுபோய்க் கழிப்பறையில் மாட்டுகிறவனை வீட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டார்கள். ஏன் இங்கே என்று கேட்டுவிட்டேன். "தினமும் தவறாமல் போகிற இடம் அது ஒன்றுதானே, வேறு எங்கே மாட்டினால் ஞாபகம் இருக்கும்?" என்றார் அன்னெக்க.

அந்தக் காலண்டரில் இன்னொரு விசேஷம், அதில் வருஷமும் கிடையாது, கிழமையும் கிடையாது. மாதமும் தேதியும் மட்டும். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் அதுதான். என் பிறந்தநாளைக் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். ஜூன் ஒன்றாம் தேதி கையில் கேக்குடன் வாசலில் நின்றார். நான் லுங்கியோடு கதவைத் திறந்து, என்ன விஷயம் என்று கேட்டேன். தன் பிறந்தநாளையே மறந்துபோன மனிதனை அவர் அதுவரை பார்த்ததில்லை. உட்காரவைத்து விளக்கினேன். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று பெரிய வாத்தியார் போட்டுக்கொடுத்தது. கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. பள்ளி ஜூனில் திறக்கும், ஆகவே ஜூன் ஒன்று. அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "பாஸ்போர்ட்டிலும் அதுதானா?" ஆமாம் என்றேன். "அப்படியானால் பொய் சொன்னது யார்?" யாரும் சொல்லவில்லை என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், இவனுக்கு விசா கொடுத்தது யார் என்ற கேள்வி இருந்தது.

அவருக்கு எப்படிச் சொல்வேன், ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள் எங்களுக்கென்று ஒரு வீடே இருந்ததை? அதன் பெயர் 'ஹம்மிங்'. இணையத்தில் ஏறக்குறைய இருபது வருஷம் நடந்த ரசிகர் மன்றம். மன்றம் என்றதும் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஆள் ஒரு பின்னணிப் பாடகி. முழுப் பாட்டு பாடியது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் இன்னொருவர் பாட்டுக்கு நடுவில் வரும் ஹம்மிங், கோரஸில் மேலே தனியாகக் கேட்கும் ஒரு குரல். கேசட் அட்டையில் பெயரே வராது. பெயர் போடாத இடங்களில் எல்லாம் அவர் குரலைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. வேறு வேலையற்றவர்கள் என்று எங்கள் வீடுகளில் சொன்னார்கள். தப்பில்லை.

உள்ளே சேர ஒரே ஒரு விதி. சொந்தப் பெயர் கூடாது. அவர் குரலை முதன்முதலில் எந்த ஊரில் கேட்டீர்களோ அந்த ஊர்தான் உங்கள் பெயர். நான் கேட்டது பீர்க்கன்கரணையில், ஏரிக்கரைத் தெருக் கல்யாண வீட்டு ஸ்பீக்கரில். ஆகவே நான் பீர்க்கன்கரணை. மன்றத்தை ஆரம்பித்தவர் ஊரப்பாக்கம் அண்ணா, தொலைபேசி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரையும் அதட்டி மேய்க்க, வங்கியில் வேலை பார்க்கும் குன்றத்தூர் அக்கா. ஒரு ஹம்மிங் அவருடையதா இல்லையா என்று சண்டை வந்தால், வெளியாள் யாராவது படித்தால் ஜில்லாவே பற்றி எரிவதாக நினைத்துக்கொள்வார்கள். 'குன்றத்தூருக்குக் காது மந்தம்.' 'ஊரப்பாக்கம் முதலில் நல்ல ஹெட்போன் வாங்கட்டும்.'

அதிகம் சண்டை போட்டது ஊரப்பாக்கமும் மேடவாக்கமும். மேடவாக்கம் அக்கா பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு வாதத்தையும் விடைத்தாள் திருத்துவதுபோல் வரிக்கு வரி மேற்கோள் காட்டி அடிப்பார். ஒருமுறை அண்ணா பொறுக்க முடியாமல், 'இந்த அம்மாவைக் கட்டிக்கொண்டவர் யாரோ, பாவம்' என்று எழுதினார். அரை நிமிஷத்தில் பதில் வந்தது: 'அவர் பக்கத்து ரூமில்தான் இருக்கிறார், காபி ஆறுகிறது, வந்து குடிக்கச் சொல்லவும்.' அன்றைக்குத்தான் எங்களுக்கு அவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று தெரிந்தது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வருஷம் யாரோ யாரோ என்று எங்களை நம்பவைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மன்றப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி தானாக வரும். 'இன்று பிறந்தநாள் காண்பவர்கள்' என்று பெயரும், அடைப்புக்குறிக்குள் வயதும். ஜூன் ஒன்று வந்தால் அந்த வரி பாராவாகிவிடும். பாதி ஊர்களுக்கு அன்றுதான் பிறந்தநாள். அது ஒருவருக்கும் உண்மையான பிறந்தநாள் இல்லை, ஆனாலும் நாள் முழுக்க வாழ்த்து. பெரிய வாத்தியார்கள் புண்ணியத்தில் எங்களுக்கென்று ஒரு பண்டிகை.

நான் நாட்டைவிட்டு வந்த பிறகுதான் அந்த வீடு எனக்கு வீடானது. அப்பா அம்மா போன பின் பீர்க்கன்கரணை வீட்டை விற்றோம். இப்போது அங்கே லிஃப்ட் வைத்த அடுக்குமாடி நிற்கிறது. தம்பி பெங்களூருக்குப் போய்விட்டான். ஊருக்குப் போனால் ஹோட்டலில் தங்குகிறேன். இங்கே ஆபீசில் என் பெயரை வெட்டி இரண்டு எழுத்தாக்கிவிட்டார்கள். பீர்க்கன்கரணை என்று என்னைக் கூப்பிடுவதற்கு உலகத்தில் மீதி இருந்தது அந்த மன்றம் மட்டும்தான். கணினி வேலை பார்ப்பவன் என்பதால் அதன் சாவியும் என்னிடம்தான் இருந்தது. ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எல்லோரும் வாட்ஸ்அப்புக்குக் குடிபோனார்கள். அங்கே ஊர்ப் பெயர் கிடையாது, ஃபோன் நம்பரும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கமும்தான். மன்றத்தில் மாத்திரை விற்கும் களவாணிகள் நுழைந்து எழுத, நான் காலையில் எழுந்து குப்பை கூட்டுவதுபோல் அழித்துக்கொண்டிருந்தேன். அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பூட்ட வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

போன டிசம்பரில் அண்ணா ஒரு வரி அனுப்பினார்: 'போதும்பா, நீயே அணைச்சிடு.' எதிர்த்து எழுதினேன். பதில் இல்லை. ஃபோன் செய்தேன். "நேர்ல வா, பேசலாம்" என்றார். லீவு போட்டுக்கொண்டு போனேன். அவரைச் சமாதானப்படுத்தி மன்றத்தைக் காப்பாற்றிவிட்டுத் திரும்புவது என்பது திட்டம். விமானத்தில் முழுக்க அதற்கு வேண்டிய வசனங்களைச் சேர்த்துக்கொண்டு போனேன்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்கினேன். நடுவில், பீர்க்கன்கரணைக்கு இறங்க வேண்டிய பெருங்களத்தூரில் ரயில் நின்றபோது, என் ஊர்க்காரர்கள் இறங்கிப்போவதை ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணா வீட்டில் குன்றத்தூர் அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். பிரிவுபசாரம் என்று வாட்ஸ்அப் குழுவில் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். எல்லோரும் கட்டைவிரல் அனுப்பினார்கள், எங்களைத் தவிர ஆள் வரவில்லை. ஃபிரிட்ஜ் பக்கத்தில் சர்ச் காலண்டர். சுவரில் மேடவாக்கம் அக்காவின் படம். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. படத்துக்குக் கீழே அவருடைய பழைய ஹெட்போன் ஆணியில் தொங்கியது.

நான் என் வசனங்களை ஆரம்பித்தேன். சர்வரை மாற்றலாம், களவாணிகள் நுழையாமல் தடுக்கலாம், புது ஆட்களைச் சேர்க்கலாம். அண்ணா பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"அதெல்லாம் இல்லப்பா பீர்க்கன்கரணை. ஜூன் ஒண்ணு வந்தா அடியில ஒரு வரி வருது இல்ல?"

"பர்த்டே வரியாண்ணா?"

"எனக்கும் அதே தேதி, அவளுக்கும் அதே தேதி. பக்கத்துல பக்கத்துல வரும். வருஷா வருஷம் எனக்கு ஒரு வயசு கூடுது. அவளுக்கும் ஒரு வயசு கூட்டிப் போடுது." சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து கிழமாயிட்டு வர்ற மாதிரி காட்டுதுப்பா. போன வருஷம் புதுசா சேர்ந்த ஒருத்தன், அக்கா நூறாண்டு வாழ்கன்னு போட்டான். அவனை நான் என்ன சொல்ல முடியும்?"

நான் தளத்தின் சாவியை வைத்திருந்தவன். நாலு ஜூன் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு அது உறைக்கவில்லை. ஆனாலும் விடாமல், "அந்த வரியை மட்டும் எடுத்துடறேண்ணா, ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

"எடுத்துட்டா? ஜூன் ஒண்ணு காலையில நானே போய்ப் பார்ப்பேன். அவ பேரு இல்லாம இருக்கும். அது இன்னும் மோசம்ப்பா."

"இன்னாபா நீ," என்றார் குன்றத்தூர் அக்கா என்னிடம். "அவரே மனசு வுட்டுப் போயி கீறாரு. அங்க குந்திகினு உனக்கு மன்றம் வேணும். இங்க வூட்டுல தனியா அதைப் பாத்துகினு இருக்கறது அவரு. பேஜாரு பண்ணாத, அணைச்சுடு."

சுருக்கென்றது. அக்கா சொன்னது உண்மை. எனக்கு ஊர் வேண்டும் என்பதற்காக அவரை வருஷா வருஷம் அந்த வரிக்கு முன்னால் உட்காரவைக்கப் பார்த்தேன். மேடவாக்கம் அக்கா எழுதியது எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு அண்ணாவிடம் கொடுத்தேன். மிச்ச ஊர்களின் சண்டையெல்லாம் போகட்டும் என்றார்கள் இருவரும். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே, என் லேப்டாப்பை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்து அணைத்தேன். 'நிச்சயமாகவா?' என்று அது ஒருமுறை கேட்டது. அண்ணாவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். பிறகு பக்கம் வெள்ளையாகிவிட்டது. குன்றத்தூர் அக்கா எழுந்து போய், ஆறிப்போன காபியைச் சூடு பண்ணினார். மூன்று பேரும் குடித்தோம். யாரும் பாட்டுப் போடவில்லை.

திரும்பி வந்த பிறகு சில வாரம் காலையில் கை தானாக அந்த முகவரியைத் தட்டியது. அப்படி ஒரு பக்கமே இல்லை என்று பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், அன்னெக்க வீட்டில் இருப்பதுபோலவே ஒரு காலண்டர் வாங்கிவந்தேன். மாட்ட இடம் தேடி வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியில் இந்த ஊர் வழக்கப்படி கழிப்பறையிலேயே மாட்டினேன். ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு ஊராக எழுதினேன், அன்னெக்க வந்தால் படிக்கட்டும் என்று அவர்கள் நாட்டு எழுத்திலேயே. ஜூன் ஒன்றில் இடம் போதவில்லை. பெயர்கள் ஜூன் இரண்டு வரைக்கும் வழிந்தன. ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே மேடவாக்கத்தை எழுதினேன்.

இந்த ஜூன் ஒன்றாம் தேதியும் அன்னெக்க கேக்குடன் வந்தார். இந்தமுறை நான் சட்டை போட்டிருந்தேன். காபி குடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். "இவ்வளவு பேரா? இவர்களெல்லாம் மனிதர்களா, ஊர்களா?" இரண்டும்தான் என்றேன். இந்த நாட்டில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள், அவருக்கு வேண்டியவர்கள் எல்லோருக்கும் சொல்வார்கள். அன்னெக்க என் எதிரில் நேராக நின்று, கையைப் பிடித்துக் குலுக்கி, "ஊரப்பாக்கத்துக்காக உனக்கு ஹெஃபெலிசிதேர்த்" என்றார். வாழ்த்துகள் என்று அர்த்தம். பிறகு எழுத்துக் கூட்டி, "மேடவாக்கத்துக்காகவும் ஹெஃபெலிசிதேர்த்." அவர் அம்மா பெயர் இருந்த அந்தக் காலண்டர் நினைவுக்கு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காததுபோல் கேக்கை வெட்டினார்.

அவர் போனதும் அண்ணாவுக்கு ஃபோன் செய்து, நடந்ததைச் சொன்னேன். கழிப்பறை என்று மட்டும் சொல்லவில்லை, வீட்டில் என்றேன்.

"வயசு போட்டிருக்கியாப்பா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. இந்தக் காலண்டர்ல வருஷமே கிடையாது. வயசு ஏறவே ஏறாது."

"அப்ப சரிப்பா" என்றார். "உன் பேரு அதுல இருக்கா?"

"சொந்த வீட்டுக் காலண்டர்ல சொந்தப் பேரு எழுத மாட்டாங்கண்ணா."

"அப்ப நான் இங்க சர்ச் காலண்டர்ல எழுதிக்கறேன். இருபது வருஷம் பொய்த் தேதிக்கே வாழ்த்துச் சொல்லியாச்சு. இப்பவாவது நெஜமான தேதியச் சொல்லுப்பா பீர்க்கன்கரணை."

எனக்குத் தெரியும். ஐப்பசியில் அடைமழையில் பிறந்தேன் என்று அம்மா நாளோடு சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்த நாளில் நான் தனியாக இருப்பேன்.

"ஜூன் ஒண்ணுன்னே போடுங்கண்ணா," என்றேன். "உங்க ரெண்டு பேருக்குப் பக்கத்துல."