மாடிவீட்டு இக்காவின் நாலு டிஸ்க்

மட்டாஞ்சேரியில் எங்கள் மாடிவீட்டுக்காரரை எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் இக்கா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைத் தாடி, சிரிக்காத முகம். படங்களையும் கோப்புகளையும் சேமிக்கும் வீட்டு சர்வரில் நாலு டிஸ்க் வைத்திருந்தார். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அது என் மகளின் படங்களோடு செத்த அதே வாரம் அவருடையதிலும் ஒன்று செத்தது.

அவர் பதறவே இல்லை. கெட்ட டிஸ்கைக் கழற்றப்போவதை முதலில் கணினியில் தட்டி சர்வருக்குத் தெரிவித்தார். நல்லதை உருவிவிடக்கூடாதென்று டிஸ்கின் எண்ணை விரலால் தொட்டு இருமுறை வாய்விட்டுப் படித்த பிறகே உருவினார். புதியதைச் செருகிவிட்டுச் சாயா குடித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

"மத்த மூணும் சேர்ந்து இதை நிறைச்சிடும் சாரே. உங்க மோள் படமும் இந்த சர்வரில உண்டு."

"எப்படி?"

"உங்க வீட்டம்மா முன்னமே காப்பி தந்தாங்க. சார்கிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

படங்கள் எல்லாம் திரும்பி வந்தன. மகள் சிரிக்கிற ஒவ்வொன்றிலும், எனக்குத் தெரியாமல் அதை வைத்திருந்த அந்தத் தாடிதான் தெரிகிறது.