ஈரம் காயாத வாழைநார்

குத்தாலத்துக்கு மேற்கே ஒரு வயலில் என் அறுவடை மிஷின் நின்றுபோயிருந்தது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் புல்லியின் நட்டு கழன்று எங்கோ விழுந்துவிட்டது. அந்தச் சந்துக்குள் இரண்டு விரல் நுழைவதே பெரும்பாடு. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குத்தகைக்குப் பயிர் செய்தவர் முற்றிய சம்பாவையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறை வசந்தா அக்காவைப் போனில் கூப்பிட்டேன். எந்த நட்டு, எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டு, "இதோ கிளம்புறேன் குமாரு. நான் வர்ற வரைக்கும் எதையும் கழட்டி வைக்காத" என்றார்.

அடுத்து அதே எண்ணிலிருந்து வந்தது அவர் கணவர் செல்வராசு அண்ணனின் குரல். ஸ்கூட்டியில் டூல் பையை மாட்டிய அக்கா அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் இல்லையாம். அதற்கு நான் கேட்டது என்ன தெரியுமா? "பை எங்கண்ணே இருக்கு?" இடி விழுந்தவன் வாயில் எது வரும் என்று யாரால் சொல்ல முடியும்? இப்போதுதானே பேசினார் என்பதைத் தவிர மண்டையில் வேறொன்றும் ஏறவில்லை. இதை எழுதும்போதும் ஏறவில்லை.

மிஷின் வைத்திருக்கும் உங்களில் பலர் அக்காவைப் பற்றி ஒன்று சொல்வீர்கள்: பொம்பளைக் கை, சின்னது, எந்தச் சந்திலும் நுழையும் என்று. இதைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் இப்படிச் சொல்லிவைக்க, அக்கா கிளாஸைக் கீழே வைத்தார். அவரைக் கையை நீட்டச் சொல்லிப் பக்கத்தில் தன் கையை வைத்துக் காட்டினார். அக்காவின் விரல்தான் நீளம், தடிமனும்கூட. "சந்துல போறது என் கை இல்லீங்க, ஸ்பானரு" என்றார். அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்டறைப் பக்கம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

அக்கா சொன்னதுதான் உண்மை. ஸ்பானரைக் காய்ச்சி வளைப்பார், பாதியில் அறுத்து நீளக் கம்பி பற்றவைப்பார். கொக்குக் கழுத்தாட்டம் வளைந்த ஒன்றுதான் அவருக்குச் செல்லம். நட்டை அதன் வாயில் கிரீஸ் வைத்து ஒட்டுவார். அதோடு விடமாட்டார். பூக்கட்டும் வாழைநாரைக் கிழித்து நனைத்து, நட்டைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு, வாலை வெளியே தொங்கவிடுவார். நட்டு தவறி விழுந்தால் வாலைப் பிடித்து இழுத்துவிடலாம். போல்ட்டின் மரையில் நட்டு ஏறிவிட்டால் ஒரு சுண்டு சுண்ட, நார் அறுந்து கையோடு வந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டுப் பட்டுக்கோட்டைப் பக்கம் எண்ணெய் ஆட்டும் மில்லில் ஒரு மெக்கானிக் நைலான் நூலைக் கட்டிவிட்டார். நூல் உள்ளேயே தங்கி ஷாஃப்டில் சுற்றி மிஷினையே நிறுத்திவிட்டது. கடைசியில் அக்காதான் போய் உட்கார்ந்து இழை இழையாகப் பிடுங்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கிளம்பும்போது அந்த மெக்கானிக் கையில் ஒரு கற்றை நாரைத் திணித்து, "நாரு உள்ள நின்னாலும் மக்கிப்போவும். நைலான் சாவாது" என்று மட்டும் சொன்னாராம்.

சேதி வந்ததும் வயலிலிருந்து நேரே அவர் வீட்டுக்குத்தான் போனேன். மாலையைப் போட்டேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது, அதனால் பேசாமல் செருப்பை மாட்டினேன். செல்வராசு அண்ணன் பின்னாலேயே வந்து டூல் பையை நீட்டினார். எனக்குக் கை எழவில்லை.

"அவ வர்றேன்னு சொல்லியிருக்கா குமாரு. அந்த நெல்லு நனையக் கூடாது. மாட்டிட்டு, எடுக்கறதுக்குள்ள வந்துடு" என்றார்.

வயலுக்கு வந்து பையைத் திறந்தேன். கொக்குக் கழுத்து மேலாகவே இருந்தது. வாயில் புது நட்டு, சுற்றிலும் கிரீஸ், வால் விட்ட நார். என் போனை வைத்த கையோடு எல்லாவற்றையும் தயார் செய்திருக்கிறார். நாரைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. நனைத்தவர் போய்விட்டார், நனைத்த நார் காயவில்லை. இது என்ன நியாயம்? வரப்பில் உட்கார்ந்து அழுதேன். குத்தகைக்காரர் தள்ளிப் போய் நின்றார்.

நட்டு முதல் முயற்சியிலேயே ஏறிக்கொண்டது. மழைக்கு முன் நெல் வீடு போய்ச் சேர்ந்தது. அக்காவை எடுப்பதற்குள் நானும் அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஸ்பானர்கள் பட்டறைக்கே போய்விட்டன, அதுதான் முறை. என்னிடம் இருப்பது, சுண்டியபோது கையோடு வந்த அந்த நார்த்துண்டு மட்டும். மிஷின் சாவியோடு முடிந்துவைத்திருக்கிறேன். காய்ந்து சுருண்டுவிட்டது. தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும், தெரியும். ஆனால் அது அக்கா நனைத்த ஈரமாக இருக்காது.