பொம்மையை எடை போட்டவள்

பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து மார்க் போடுவது ஒரு தொழில் என்றால், மார்க் வாங்கப்போகும் பிள்ளைக்குத் தாயாக இருப்பது லீவே இல்லாத இன்னொரு தொழில். தெரபி அறை வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், உள்ளே என்ன சத்தம் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, பிள்ளை தூங்கிய பிறகு இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் மகள் சஃபாவுக்கு நான்கு வயது. பேச்சு குறைவு. நாகலூரில், காப்பி எஸ்டேட் களத்துக்கு எதிரே எங்கள் மளிகைக் கடை. ஏற்காட்டில் நான் படித்த கான்வென்டிலேயே அவளையும் சேர்க்கலாம் என்று போனேன். "இவ வயசுப் பிள்ளைங்க மாதிரி விளையாடறாளான்னு டெஸ்ட் பண்ணி ஒரு ரிப்போர்ட் வாங்கிட்டு வா. அப்புறம் பார்க்கலாம்" என்றார் சிஸ்டர். அந்த 'அப்புறம் பார்க்கலாம்' எனக்குப் புரிந்தது. ரிப்போர்ட் சரியில்லை என்றால் சீட் இல்லை. பிறகு எந்த வாசலில் போய் நிற்பது?

முதல் நாள்

டெஸ்ட் சேலத்தில். மலை இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் சஃபா காலையில் தின்ற இட்லியை என் புடவையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கோலத்திலேயே இருவரும் அறைக்குள் போனோம். தெரப்பிஸ்ட் இளம் பெண், அன்பாகத்தான் பேசினார். தரையில் பாய் விரித்து, பொம்மை, குட்டித் தட்டு, குட்டிக் கரண்டி, கார் எல்லாம் பரப்பினார். சஃபா பாயைப் பார்த்தாள், படுத்துக்கொண்டாள். 'ஆர்வம் குறைவு' என்று பேப்பரில் ஏறியது. நம்மைப் போன்றவர்களுக்கு எழுத்தைத் தலைகீழாகப் படிக்கும் வித்தை தானாக வந்துவிடும், தெரியும்தானே?

திரும்பி ஏறும் பஸ்ஸிலும் காலையில் வந்த அதே கண்டக்டர். "ஏனுங்கம்மா, கண்ணுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார். விளையாடத் தெரிகிறதா என்று டெஸ்ட் எடுக்கப் போனோம் என்றேன். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "வெளையாடறதுக்கு டெஸ்ட்டுங்களா! எங்கூட்டுல ரெண்டு இருக்குதுங்க, எப்படி நிறுத்தறதுன்னு தெரியாம நொம்பப் பாடுபடறமுங்க. அதுக்கு ஏதாச்சும் டெஸ்ட் இருந்தாச் சொல்லுங்க."

பொம்மை போன்

அடுத்த முறை வாந்திக்கு மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போனேன். தெரப்பிஸ்ட் ஒரு பிளாஸ்டிக் போனை எடுத்து, "அத்தாகிட்ட பேசுறியா கண்ணு?" என்றார். சஃபா போனை வாங்கினாள். காதில் வைக்கவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஜன்னல் ஓரம் போனாள். அங்கிருந்து பீரோ பக்கம். பிறகு நாற்காலி மேல் ஏறிவிட்டாள். 'போன்: பயன்பாடு தெரியவில்லை.'

எங்கள் வீட்டில் சிக்னல் வராது. அவள் அத்தா, அதாவது என் வீட்டுக்காரர், சேலம் மொத்தக் கடைக்குப் பேசவேண்டும் என்றால் போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிச் சுவர்மேல் ஏறுவார். மகள் அதை அச்சு அசலாகச் செய்தாள். எனக்குத் தெரிந்தது. ஆனால் வாய் எழவில்லை. எதிர்த்துப் பேசினால் இன்னும் இரண்டு மார்க் போய்விடுமோ என்று பயம். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சர்க்கரைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்: "காதுல வெச்சிருந்தா மட்டும் லைன் கெடைச்சிருக்குமாமா?"

டியூஷன்

மூன்றாம் முறை வாசலில் எனக்குப் பக்கத்தில் குப்பனூர் அம்மா ஒருவர், தன் மகளோடு. "பயப்படாதீங்க. நான் ஊட்டுலயே பழக்கிட்டுத்தான் கூட்டியாந்திருக்கேன். பொம்மைய எடு, சோறூட்டு, வாயத் துடை, தூங்க வை. தெனமும் காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா" என்றார் ரகசியமாக. ஊர் உலகமே பிள்ளைகளைத் தயார் செய்கிறது, நான் மட்டும் சும்மா இருந்துவிட்டேனே!

அவர் மகள் தனியாகவே உள்ளே போனாள்; கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். பொம்மையை எடுத்தாள், ஊட்டினாள், துடைத்தாள், படுக்க வைத்தாள். எல்லாம் ஒரே மூச்சில். பிறகு கதவைத் திறந்து தலையை நீட்டி, அந்தத் தாழ்வாரமே கேட்கும்படி கத்தினாள்: "அம்மோவ், எல்லாம் பண்ணிட்டேன்! இனிமே வெளையாடப் போலாமா?"

காய் கழித்தது

அடுத்து சஃபா, கூடவே நான். அன்று பெட்டியிலிருந்து ஒரு துண்டும் வந்தது. சஃபா அதை விரித்தாள். பொம்மையை நடுவில் போட்டாள். நான்கு மூலையையும் கூட்டிப் பிடித்து, கதவுக் கைப்பிடியில் மாட்டினாள். இரண்டடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தாள். உள்ளங்கையில் விரலால் எழுதினாள். பிறகு மூட்டைக்குள் கைவிட்டு, பொம்மையின் செருப்பைக் கழற்றி வீசினாள். மறு செருப்பையும் வீசினாள். பேனா ஓடியது: 'பொம்மையைப் பராமரிப்பதில்லை. பொருட்களை எறிகிறாள்.'

என்னுள்ளே ஏதோ அறுந்தது. "எறியலைங்க மேடம்" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். "அது மூட்டை. காப்பிப் பழ மூட்டை. எங்க கடைக்கு எதிர்ல தெனமும் சாயங்காலம் எடை போடறாங்க. பழத்தோட பச்சைக்காய் கலந்திருந்தா எடை எழுதற ரைட்டர் இப்படித்தான் கைய விட்டுப் பொறுக்கி எறிவாரு. இவ இப்போ ரைட்டரு. துண்டு சாக்கு, கதவு தராசு, செருப்பு காய். பொம்மைக்குச் சோறூட்டறது மட்டுந்தான் பாவனைன்னு யாருங்க சொன்னது? அன்னிக்குப் போனைத் தூக்கிப் பிடிச்சாளே, சிக்னல் தேடினா. அதையும் சேர்த்து எழுதுங்க. எழுதாம நான் எந்திரிக்க மாட்டேன்."

தெரப்பிஸ்ட் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். "பழகின இடத்துலயும் பார்க்கணும்னு எங்க புஸ்தகத்துலயே இருக்குங்க மேடம். நான்தான் இந்த ரூமை விட்டு வெளியே வரலை. எடை எத்தனை மணிக்குப் போடுவாங்க?"

எதிர்த் திசை

கேட்டதோடு நிற்காமல் தெரப்பிஸ்ட் நாகலூருக்கே வந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கடை பெஞ்சில் சாய்ந்துவிட்டார். முகம் வெளுத்து, கர்ச்சீப் வாயில். எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கையில் கொடுத்தேன். "இப்போ ஒரு பொம்மைய நீட்டினா ஆர்வமா வெளையாடுவீங்களா மேடம்?" என்றும் கேட்டுவைத்தேன். பாவம்தான். ஆனாலும் கேட்டேன்.

சாயங்காலம் களத்தில் எடை நடக்க, அதன் ஓரத்தில் சஃபாவின் எடையும் நடந்தது. பழம் பறிப்பவர்களின் பிள்ளைகள் ஆளுக்கொரு இலைப் பொதியோடு வரிசையில். ஒருத்தி நடுவில் நுழைய, சஃபா அவளைப் பிடித்துக் கடைசியில் கொண்டுபோய் விட்டாள். தெரப்பிஸ்டும் தன் கைப்பையோடு வரிசையில் நின்றார். முறை வந்ததும் பையைக் கொய்யா மரக்கிளையில் மாட்டி, அண்ணாந்து பார்த்து, "பத்தல" என்றாள் என் மகள். பிறகு உள்ளே கையைவிட்டு, குடை, சீப்பு, பவுடர் டப்பா என்று ஒவ்வொன்றாகப் புல்லில் வீசினாள். தெரப்பிஸ்ட் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார்: "பேச்சுக்குப் பயிற்சி வேணும் மேடம், அதை எழுதத்தான் செய்வேன். ஆனா பாவனை இல்லைன்னு இனி எவளாவது எழுதட்டும் பார்க்கலாம், என் பையில முக்கால்வாசியும் காய்னு கழிச்சுட்டா!"

சிஸ்டரின் முடிவு

ரிப்போர்ட்டோடு கான்வென்டுக்குப் போனேன். 'பேச்சுப் பயிற்சி தேவை. பாவனை விளையாட்டு நன்று. மற்றப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு விளையாடுகிறாள்.' சிஸ்டர் கண்ணாடியை இறக்கி இரண்டு தரம் படித்தார். "எல்லாம் சரி. கிளாஸ்ல வாயே திறக்கலைன்னா டீச்சர் என்ன செய்வாங்க?" என்றார்.

மாணவியாக இருந்த காலத்தில் என்றால் தலையைக் குனிந்திருப்பேன். "நான் கிளாஸ்ல ஓயாமப் பேசினேன், சிஸ்டர். அதுக்கு நீங்க என்னை வராண்டாவுல நிக்க வெச்சீங்க. இவ பேச மாட்டேங்கறான்னு வாசலோட அனுப்பப் பார்க்கறீங்க. எவ்வளவு பேசினா உள்ள விடுவீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா, அந்த அளவுக்குப் பேசற பிள்ளையாப் பெத்துக் கூட்டிட்டு வரேன்."

சிஸ்டர் ரிப்போர்ட்டை மடித்து மேசை டிராயரில் வைத்தார். சஃபாவின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார்: "திங்கட்கிழமை பிள்ளையை உள்ளே அனுப்பு, நீ வராண்டாவிலேயே நில்லு."

சஃபாவுக்கு விளையாடத் தெரியும் என்று நிரூபிக்க மூன்று தரம் மலை இறங்கி ஏறியதில், பயந்தவள்போல் உட்கார்ந்திருக்கும் என்னுடைய விளையாட்டுத்தான் எனக்கு மறந்துபோய்விட்டது.