எறும்புத்தின்னிக்குக் காவல் இருந்த காலை

மலேசியாவில், போர்டிக்சன் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கிறேன். கணவர் இறந்து, மகளும் வேலைக்காக வெளிநாடு போன பிறகு, குடியிருப்பின் கடைசி வரிசையில் நான் மட்டும்தான். பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

போன வருடம், தோட்டத்தைப் பார்வையிட வருகிறவர்களுக்காக இரண்டு உயிரினங்களைப் பற்றிப் பலகை எழுதச் சொன்னார் மேலாளர். ஒன்று கூகை. எலி பிடிப்பதற்காக மரப்பெட்டி வைத்து நாங்களே குடியேற்றிய பறவை. உலகத்தில் பல நாடுகளில் இருக்கிறது, அழியும் அபாயம் இல்லை. மற்றது எறும்புத்தின்னி. உடம்பெல்லாம் செதில் இருந்தாலும் பாலூட்டி. காட்டில் வாழ்வது, அழிவின் விளிம்பில் நிற்பது. அதை நான் பார்த்ததே இல்லை. படத்தை வைத்துக்கொண்டுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது டிராக்டர் ஓட்டுகிறவர் வந்து நின்றார்.

"அக்கா, லோங்காங்ல ஒன்னு விழுந்து கெடக்கு. செதில் செதிலா இருக்கு. பாம்பு ஜாதிலா."

போய்ப் பார்த்தேன். சிமெண்டுக் கால்வாயின் அடியில், தேங்காயைவிடப் பெரிய பந்தாகச் சுருண்டு கிடந்தது.

"பாம்பு இல்ல தம்பி. இது குட்டி போட்டு பால் குடுக்கும்."

"மருந்துக்கு ஆகும்னு சொல்றாங்களே அக்கா."

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இல்லாம போச்சு. நீங்க வேலைய பாருங்க, நான் இருக்கேன்."

வனவிலங்கு இலாகாவுக்குப் போன் செய்தேன். சிரம்பானிலிருந்து வர நேரமாகும், யாரையும் தொட விடாதீர்கள் என்றார்கள். கால்வாய் ஓரத்தில் குடையை விரித்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில், நானாகவே அதனிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். மகள் போன வாரம் பேசவில்லை என்பதையும், நான் ஒருத்தி சாப்பிடுவதற்காகச் சமைக்கப் பிடிக்காததையும் சொன்னேன். பந்து மெல்ல இளகியது. கூர்மூக்கும் ஈரமான கறுப்புக் கண்ணும் தெரிந்தன. நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

வண்டிச் சத்தம் கேட்டதும் மறுபடி சுருண்டுகொண்டது. அதிகாரி அதைப் பெட்டிக்குள் வைத்தார்.

"இதற்குத் துணை எங்காவது தேடிக்கொண்டிருக்குமா?" என்று மலாய் மொழியில் கேட்டேன்.

"இல்லை அக்கா, இவை தனியாகத்தான் வாழும். இவற்றுக்கு அதுதான் பழக்கம்," என்றார்.

எனக்கு இன்னும் பழகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். குடையை மடக்கி எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அந்த அதிகாரியே போனில் கூப்பிட்டார். காயம் ஒன்றுமில்லை, காட்டில் விட்டுவிட்டோம் என்றார். எந்தக் காடு என்றேன். வேட்டைக்காரர்கள் பயத்தால் அதைச் சொல்லக் கூடாதாம். வேறென்ன கேட்பதென்று தெரியாமல், சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, சாப்பிட்டேன் என்றார். அன்று முழுதும் எனக்கு வந்த அழைப்பு அது ஒன்றுதான்.